நியானைக் கண்டுபிடித்தவர் குடியிருந்த ஊர்

உங்கள் வீட்டு டூல்ஸ் பெட்டியில் ஒரு டெஸ்டர் இருக்கும். பார்க்க ஸ்க்ரூடிரைவர் மாதிரி, கைப்பிடிக்குள் பொடிசாக ஒரு பல்பு. பிளக் பாயிண்டில் நுனியை விட்டு, பின்பக்கத் தகட்டில் விரலை வைத்தால் ஆரஞ்சுச் சிவப்பில் மினுக்கும். எரிந்தால் கரண்டு வருகிறது. எரியாவிட்டால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட வேண்டும். அந்தப் பல்புக்குள் இருப்பது நியான் வாயு. பழைய ஸ்டெபிலைசரில், சுவிட்ச் போர்டு இண்டிகேட்டரில் எரியும் ஆரஞ்சுப் பொட்டும் பெரும்பாலும் இதே நியான்தான்.

நியான் என்ற தனிமத்தை இந்த உலகத்தில் முதன்முதலாகப் பார்த்தவர்கள் இரண்டே பேர். பார்த்த ஆண்டு 1898, இடம் லண்டன். அந்த இருவரில் இளையவர் எட்டு ஆண்டுகள் கழித்து பெங்களூருக்கு வந்தார். ஏழு ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே இருந்து, இன்று நாடே கொண்டாடும் ஒரு நிறுவனத்தை வெறும் நிலத்திலிருந்து எழுப்பினார். அவர் பெயர் மாரிஸ் டிராவர்ஸ். இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இயக்குநர்.

ஐ.ஐ.எஸ்.சி. என்றதும் ஜாம்ஷெட்ஜி டாடா பெயர் வரும், சி.வி. ராமன் பெயர் வரும். இரண்டும் வரவேண்டிய பெயர்கள்தான். டிராவர்ஸ் பெயரை மட்டும் நான் வெளியில் யார் சொல்லியும் கேட்டதில்லை. பள்ளிப் பாடத்திலும் நியான், ஆர்கான் எல்லாம் தனிம வரிசை அட்டவணையின் கடைசி நெடுவரிசையில் வரும். மந்த வாயுக்கள், எதனோடும் வினைபுரியாதவை என்று ஒரே வரியில் பாடம் முடிந்துவிடும். அந்த ஒரு வரிக்குள் இருக்கும் கதையில் பாதி நம் தென்னிந்தியாவில் நடந்தது. அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

அறைக்குள் எவ்வளவு இருக்கிறது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் சுமார் 28,000 லிட்டர் காற்று இருக்கும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் போக, அதில் ஏறத்தாழ 260 லிட்டர் ஆர்கான். நியான் அரை லிட்டர், அதாவது காலையில் வாசலுக்கு வரும் நந்தினி பால் பாக்கெட் அளவு. ஹீலியம் 150 மில்லி லிட்டர். கிரிப்டான் 30 மில்லி லிட்டர். செனான் வெறும் இரண்டரை மில்லி லிட்டர்.

இத்தனையும் நாம் மூச்சில் இழுத்து, அப்படியே வெளியே விடுகிறோம். உடம்பு அவற்றைத் தொடுவதில்லை, அவையும் உடம்பைத் தொடுவதில்லை. இவை எரியாது, துருப்பிடிக்க வைக்காது, மணக்காது, நிறமும் இல்லை. மனிதன் இவ்வளவு காலம் இவற்றைக் கவனிக்காமல் இருந்ததற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

கவனிக்க வைத்தது ஒரு சிறிய எடை வித்தியாசம். 1890-களின் தொடக்கத்தில் ரேலி பிரபு என்ற ஆங்கில இயற்பியலாளர் நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.257 கிராம் இருந்தது. அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜன் 1.250 கிராம்தான் இருந்தது. அரை சதவீத வித்தியாசம். அளவைப் பிழை என்று தள்ளிவிட்டு வேறு வேலை பார்க்க யாருக்கும் தோன்றும். ரேலி தள்ளவில்லை. வில்லியம் ராம்சே என்ற வேதியியலாளரும் சேர்ந்துகொண்டார். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனில் அதைவிடக் கனமான இன்னொரு வாயு கலந்திருக்கிறது என்று 1894-இல் இருவரும் அறிவித்தார்கள். அதுதான் ஆர்கான். நாம் விடும் ஒவ்வொரு மூச்சிலும் நூற்றில் ஒரு பங்கு அது.

1898, லண்டன்

ஆர்கான் கிடைத்தபிறகு ராம்சேவுக்கு ஒரு நியாயமான சந்தேகம். தனிம வரிசை அட்டவணையில் ஒரு தனிமம் தனியாக நிற்காது, மேலும் கீழும் அதற்கு உறவுகள் இருக்க வேண்டும். 1895-இல் ஹீலியத்தை யுரேனியம் கலந்த ஒரு தாதுவிலிருந்து பிரித்தெடுத்தார். மீதி எங்கே?

அப்போது அவருடைய ஆய்வகத்தில் துணையாக இருந்தவர் 26 வயது டிராவர்ஸ். கண்ணாடிக் குழாய்களை ஊதி, வளைத்து, இணைத்து, மிகச் சிறிய அளவு வாயுவைக்கூடத் தப்பவிடாமல் கையாளுவதில் கெட்டிக்காரர். 1898 மே மாதம் அவர்களுக்குத் திரவக் காற்று கிடைத்தது. அதைக் கொதித்து ஆவியாகப் போகவிட்டு, கடைசியில் மிஞ்சிய துளியை மட்டும் பிடித்தார்கள். அந்த வாயுவைக் குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சி, நிறமாலைமானியில் பார்த்தபோது அதுவரை யாரும் பார்த்திராத மஞ்சள் கோடும் பச்சைக் கோடும் தெரிந்தன. மே 30-ஆம் தேதி பிடிபட்ட அந்தத் தனிமம் கிரிப்டான். அன்று இரவு வெகுநேரம் அதன் அடர்த்தியை அளப்பதிலேயே மூழ்கிப்போனார்கள். மறுநாள் டிராவர்ஸுக்கு டாக்டர் பட்டத் தேர்வு இருந்தது இருவருக்குமே மறந்துபோனது.

அடுத்த மாதம் எதிர்த்திசையில் போனார்கள். திரவமாக்கிய ஆர்கானைச் சூடேற்றி, முதலில் ஆவியாகிப் போகும் இலேசான பகுதியைப் பிடித்தார்கள். குழாயில் அடைத்து மின்சாரம் கொடுத்ததும் அறை முழுக்கச் செக்கச்செவேலென்று ஒளி. நிறமாலைமானி தேவைப்படவே இல்லை, நிறமே சாட்சி சொன்னது. அது நியான். ஜூலையில் கிரிப்டானின் கசடிலிருந்து இன்னும் கனமான செனானும் வந்தது. ஒன்றரை மாதத்துக்குள் மூன்று புதிய தனிமங்கள். அடுத்த ஆறு ஆண்டுகளில், 1904-இல், ராம்சேவுக்கு வேதியியல் நோபல் பரிசும் ரேலிக்கு இயற்பியல் நோபல் பரிசும் கிடைத்தன.

டாட்டா இன்ஸ்டிட்யூட்

பெங்களூர் இந்தக் கதைக்குள் வருவது ராம்சே மூலமாகத்தான். இந்தியாவில் உயர் ஆராய்ச்சிக்கு ஒரு நிறுவனம் வேண்டும் என்று ஜாம்ஷெட்ஜி டாடா தம் சொத்தில் பெரும்பங்கை ஒதுக்கியபோது, எந்த ஊரில் வைக்கலாம் என்று பார்த்துச் சொல்ல அழைக்கப்பட்டவர் ராம்சே. 1900-ஆம் ஆண்டு இறுதியில் வந்து, பல ஊர்களைச் சுற்றிப் பார்த்து, பெங்களூரைப் பரிந்துரைத்தார். டாடா 1904-இல் காலமானார். கட்டி முடிக்கப்பட்டதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இயக்குநராக வந்தவர் ராம்சேவின் மாணவர் டிராவர்ஸ். 1906-இன் இறுதியில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 34. அப்போதைய பெங்களூரை நினைத்துப் பாருங்கள். காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் 1902-இல் எடுத்த மின்சாரம் முதலில் கோலார் தங்கவயலுக்குப் போனது. அந்த மின்சாரம் 1905 ஆகஸ்டில் பெங்களூர் சந்தைப் பக்கத்துத் தெருவிளக்குகளை எரியவைத்தது. மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் வாயுவைக் கண்டவர், தெருவில் மின்விளக்கு எரியத் தொடங்கி ஓராண்டே ஆன ஊருக்கு வந்திருக்கிறார்.

மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் கொடுத்தது. 1909 மே மாதம் நிறுவனம் சட்டப்படி அமைந்தது. 1911-இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டினார், அதே ஆண்டு ஜூலையில் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். முதலில் தொடங்கிய துறைகளில் வேதியியலும் மின்தொழில்நுட்பமும் இருந்தன. நிர்வாகத்தில் கருத்து வேற்றுமைகள் வளர்ந்து 1914-இல் டிராவர்ஸ் ஊர் திரும்பினார். அவர் அமைத்த ஆய்வகங்களும் நூலகமும் ஒழுங்கும் நின்றன. ராமன் 1933-இல் இயக்குநராக வந்தபோது அவர் நிற்க ஒரு தளம் தயாராக இருந்தது.

அந்த நிறுவனத்தின் பஸ் நிறுத்தத்தில் கண்டக்டர் இன்றைக்கும் 'டாட்டா இன்ஸ்டிட்யூட்' என்றுதான் குரல் கொடுக்கிறார். மல்லேஸ்வரம், யஷ்வந்த்பூர் பக்கம் போய்வரும் லட்சக்கணக்கானவர்கள் அந்தச் சுற்றுச்சுவரைக் கடக்கிறார்கள். மூன்று தனிமங்களைக் கண்டுபிடித்த கை அதற்குள் வேலை செய்தது என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

வினைபுரியாததால் வேலைக்கு ஆகும்

இப்போது ஊருக்குள் வருவோம். எதனோடும் சேராத வாயுவால் யாருக்கு என்ன பயன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. பதில் பீன்யாவில் இருக்கிறது.

பீன்யா தொழிற்பேட்டையின் சந்துகளில் 'ஆர்கான் வெல்டிங்' என்று எழுதிய பலகைகள் வரிசையாகத் தெரியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அலுமினியத்தையும் திறந்த காற்றில் உருக்கினால் ஆக்சிஜன் உடனே வந்து ஒட்டிக்கொள்ளும், இணைப்பு கெட்டுப்போகும். அதனால் உருகும் இடத்தைச் சுற்றி ஆர்கானை ஊதிக்கொண்டே பற்றவைக்கிறார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து வந்து அங்கே பட்டறை வைத்திருக்கும் ஒருவர் எனக்கு இப்படிச் சொன்னார்: "காத்து பட்டா கறுத்துடும் சார். கேஸ் சரியா விட்டாத்தான் வெல்டு பளபளன்னு நிக்கும்." புத்தகம் ஒரு பக்கத்தில் விளக்குவதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஆர்கான் அங்கே காவல் நிற்கிறது. அது எதனோடும் சேராது என்பதுதான் அதற்குக் கிடைத்த வேலையின் தகுதி.

பழைய குண்டு பல்பிலும் இதே வேலைதான். வெள்ளைச் சூட்டில் இருக்கும் டங்ஸ்டன் இழை ஆவியாகிப் போகாமல் தாமதப்படுத்த ஆர்கானும் நைட்ரஜனும் அடைத்தார்கள். டியூப் லைட்டுக்குள்ளும் பாதரச ஆவியோடு ஆர்கான் இருந்தது. இந்த ஆர்கானைப் பிரிக்கும் முறை இன்றும் ராம்சே, டிராவர்ஸ் செய்ததன் பெரிய வடிவம்தான். காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கி, கொதிநிலை வேறுபாட்டை வைத்து நைட்ரஜன், ஆர்கான், ஆக்சிஜன் என்று தனித்தனியாக எடுக்கிறார்கள். 2021 கோடையில் ஆக்சிஜனுக்காக நாடே தவித்தபோது நாம் நம்பியிருந்த பெரிய ஆலைகள் இந்த முறையில் ஓடுபவை.

டெஸ்டருக்குள் இருக்கும் நியானுக்கும் வினைபுரியாத இதே குணம் உதவுகிறது. மின்சாரம் நுனி வழியாக ஏறி, ஒரு பெரிய மின்தடையைக் கடந்து, நியான் வழியாக நம் விரலுக்கு வந்து தரைக்கு இறங்குகிறது. மின்தடை இருப்பதால் ஒரு மில்லி ஆம்பியரில் சிறு பங்குதான் பாய்கிறது, நமக்கு உறைப்பதில்லை. அவ்வளவு குறைந்த மின்னோட்டத்துக்கே நியான் அணுக்கள் ஆற்றலை வாங்கி ஒளியாக விட்டுவிடுகின்றன. வினைபுரியாததால் வாயு தீர்ந்துபோவதில்லை, ஆண்டுக்கணக்கில் எரிகிறது. பாரிஸில் ஜார்ஜ் கிளாட் 1910-இல் நீண்ட நியான் குழாய் விளக்குகளைப் பொதுமக்களுக்குக் காட்டிய பிறகுதான் கடைப் பலகைகளில் நியான் எழுத்துகள் வந்தன.

கிரிப்டானை அன்றாடத்தில் காட்டுவது கடினம் என்பார்கள். நான் சிக்பேட்டையைக் காட்டுவேன். அங்கே துணிக்கடைக்காரர் அளக்கும் மீட்டர் என்ற அலகுக்கே 1960 முதல் 1983 வரை கிரிப்டான்தான் ஆதாரம். கிரிப்டான்-86 அணு விடும் ஒரு ஆரஞ்சு ஒளியின் அலைநீளத்தைப் போல 16,50,763.73 மடங்கு நீளம்தான் ஒரு மீட்டர் என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டிருந்தன. ஓர் உலோகக் கோலை நம்பியிருந்த உலகம், ஓர் அணுவின் ஒளியை நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

ஹீலியமும் பாறையும்

ஹீலியத்தின் கதை நம் பக்கத்தில் இன்னும் முன்பே தொடங்குகிறது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். பிரான்சிலிருந்து ஜான்சன் என்ற வானியலாளர் குண்டூருக்கு வந்திருந்தார். சென்னை வான் ஆய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். அந்தக் கிரகணத்தில் சூரியனின் விளிம்புச் சுடர்களில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அது பூமியில் யாருக்கும் தெரியாத ஒரு தனிமத்தின் கோடு என்பது பிறகு தெளிந்தது. ராம்சே அதை மண்ணில் கண்டெடுக்க 27 ஆண்டுகள் ஆயின. சென்னை வான் ஆய்வகத்தின் மரபு கொடைக்கானல் வழியாக இன்று பெங்களூர் கோரமங்களாவில் இந்திய வானியற்பியல் நிறுவனமாகத் தொடர்கிறது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தவர்கள் ஹீலியத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த எந்திரத்தின் காந்தச் சுருள் மின்தடையே இல்லாமல் இயங்க மைனஸ் 269 டிகிரி குளிர் வேண்டும். அந்தக் குளிரிலும் உறையாமல் திரவமாக நிற்பது ஹீலியம் மட்டும்தான். இந்தியா தனக்குத் தேவையான ஹீலியத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. ஒருமுறை காற்றில் கலந்துவிட்டால் மெல்ல மெல்ல விண்வெளிக்கே தப்பிப் போய்விடும். பிறந்தநாள் பலூனில் நிரப்பும்போது இதையும் ஒரு நிமிடம் யோசிக்கலாம். இன்னொன்று, தெருவில் விற்கும் பறக்கும் பலூன்கள் பலவற்றில் இருப்பது ஹீலியம் அல்ல, தீப்பிடிக்கும் ஹைட்ரஜன். மலிவு என்பதற்காக நிரப்புகிறார்கள். மெழுகுவர்த்தி அருகே அந்தப் பலூனைக் கொண்டுபோகவே கூடாது.

இந்த வாயுக்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க லால்பாகுக்குப் போக வேண்டும். கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் அந்தப் பாறை சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையானது, தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். அதற்குள் இருக்கும் பொட்டாசியத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் அணுவுக்கு ஒன்று கதிரியக்கம் உள்ளது. 125 கோடி ஆண்டுக்கு ஒருமுறை அவற்றில் பாதி சிதைகின்றன. அப்படிச் சிதைவனவற்றில் பத்தில் ஒன்று ஆர்கானாக மாறுகிறது. காற்றில் இருக்கும் ஆர்கானில் 99 சதவீதத்துக்கும் மேல் இப்படிப் பாறைக்குள் பிறந்ததுதான். மாலையில் லால்பாக் பாறைமேல் உட்கார்ந்து காற்று வாங்குகிறோமே, அந்தக் காற்றின் ஒரு பகுதியைப் பெற்றெடுத்தது அதுபோன்ற பாறைகளே.

அதே பாறைக்குள் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் உண்டு. அவை சிதையும்போது ஹீலியமும் பிறக்கிறது, ரேடானும் பிறக்கிறது. ரேடான் இந்தக் குடும்பத்தின் ஆறாவது வாயு, கதிரியக்கம் உள்ளது. பெங்களூர் போர்வெல் தண்ணீரில் அதை அளந்த ஆய்வாளர்கள் பல மாதிரிகளில் கூடுதல் அளவைக் கண்டிருக்கிறார்கள். பயந்துவிட வேண்டாம். தண்ணீரைக் கலக்கினாலோ கொதிக்க வைத்தாலோ ரேடான் வெளியேறிவிடும். தேக்கி வைத்தால் நான்கு நாளுக்குள் பாதியாகக் குறையும். வெளியேறும் ரேடான் அறைக்குள் தேங்காமல் இருக்க நாம் செய்ய வேண்டியது ஜன்னலைத் திறந்து வைப்பது. கீழ்த்தளத்தில், மண்ணையொட்டிய அறைகளில் குடியிருப்பவர்கள் குளிர்காலத்திலும் காற்றோட்டத்தைக் குறைக்கக் கூடாது.

செனான் காட்டிய வழி

கடைசியாகச் செனான். மல்டிபிளெக்ஸ் வந்த காலத்தில் திரையில் ஒளியைப் பாய்ச்சிய புரொஜக்டர்களில் செனான் விளக்குதான் இருந்தது. ஆனால் நம் நாட்டில் அதைவிடப் பெரிய வேலை ஒன்று 2017-இல் கிடைத்தது. அந்த ஆண்டு மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஜிசாட்-9 செயற்கைக்கோளில் இஸ்ரோ செனானால் இயங்கும் மின் உந்துவிசை அமைப்பை வைத்து அனுப்பியது. இஸ்ரோவின் செயற்கைக்கோள் மையம் இருப்பது பெங்களூரில்.

வேலை செய்யும் விதம் இதுதான். செனான் அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைத் தட்டி எடுத்தால் அது மின்னூட்டம் பெறும். அதை மின்புலத்தால் விரட்டினால் வினாடிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பின்னால் பாயும், செயற்கைக்கோள் முன்னால் நகரும். தள்ளும் விசை மிகக் குறைவு. ஆனால் வழக்கமான ரசாயன எரிபொருளைவிடப் பல மடங்கு சிக்கனம். ஆறு வாயுக்களில் செனானைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அது கனமானது, தொட்டியை அரிக்காதது, ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான் நான்கையும்விட எளிதாக எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பது.

இந்த விட்டுக்கொடுக்கும் குணத்தைத்தான் 1962-இல் நீல் பார்ட்லெட் என்ற வேதியியலாளர் கனடாவில் பிடித்தார். பிளாட்டினம் ஹெக்சாஃபுளோரைடு ஆக்சிஜனிடமிருந்தே எலக்ட்ரானைப் பறிப்பதை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்க எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ, செனானுக்கும் ஏறக்குறைய அவ்வளவே போதும் என்று கவனித்தார். செனானையும் பிளாட்டினம் ஹெக்சாஃபுளோரைடையும் கலந்தார், ஆரஞ்சு மஞ்சளில் ஒரு திடப்பொருள் படிந்தது. வினையே புரியாது என்று அறுபத்து நான்கு ஆண்டுகளாக நம்பிய செனான் அன்று வினைபுரிந்தது.

வேதியியல் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அந்தக் கடைசி நெடுவரிசையை ஒரே வரியில் முடிக்காதீர்கள். அரை சதவீத எடை வித்தியாசத்தை விடாமல் துரத்திய ரேலியையும், தேர்வை மறந்து வாயுவை அளந்த டிராவர்ஸையும், எல்லோரும் ஒப்புக்கொண்ட விதியைச் சோதித்துப் பார்த்த பார்ட்லெட்டையும் பிள்ளைகள் ஒரே வகுப்பில் கேட்கட்டும். பெங்களூரில் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை லால்பாக், சிக்பேட்டை, டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று கூட்டிப்போய், எந்த இடத்தில் எந்த வாயு என்று சொல்லிக் காட்டுங்கள். பீன்யா பட்டறைகள் திறந்திருக்கும் நாளில் அங்கேயும் போங்கள். தனிமங்கள் நம் தெருவிலேயே இருக்கின்றன என்று சிறுவயதிலேயே தெரிந்துகொள்ளும் பிள்ளை வேதியியலைக் கண்டு பயப்படாது, கேள்வி கேட்கும். அந்தக் கேள்விகளிலிருந்துதான் அடுத்த கண்டுபிடிப்புகள் வரும்.